கர்னல் கிட்டுசாமியும் பாக்கெட்டில் இருந்த காகிதமும்

வருஷம் தவறாமல், கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்துச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர் குண்டடிபட்டுச் சாகிறார். நியூ ஜெர்சிக் குளிரில், நடுத்தெருவில், நூறு இருநூறு பேர் போனைத் தூக்கிப் படமெடுக்க, நீலக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையுமாக விலாவைப் பிடித்துக்கொண்டு சாய்வார். பத்து நிமிஷம் கழித்து எழுந்து வந்து, தெர்மாஸில் நான் கொண்டுபோன சுக்குக் காபியைக் குடிப்பார். மூன்று வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது.

நம் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு இதைப் பற்றி எழுதச் சொன்னவர் மலர்க்குழுவின் ஜம்புநாதன் சார். "அமெரிக்கச் சுதந்திரப் போர் வேஷத்துல ஜெர்மன் கர்னலா நிக்கறது நம்ம கிட்டு ஒருத்தர்தான் மேடம். லைட்டா, ஹ்யூமரா எழுதிக் குடுங்க. யூனிஃபார்ம்ல ஒரு போட்டோவும் வேணும்" என்றார். எழுதுகிறேன் என்றேன். லைட்டாக இருக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஏனென்றால் இதில் இன்னொருவரும் வருகிறார், சுந்தரராமன். எங்கள் ஊர் பிஸ்கட்டவேயில் பதினைந்து வருஷமாக இருப்பவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். "டியூட்டில தூங்கிட்டு, குளிர் ரூம் மருந்தையெல்லாம் கெடுத்துட்டுப் போய்ச் சேர்ந்தாரே" என்று பாட்லக் விருந்தில் தட்டும் கையுமாகப் பேசினோமே, அதே சுந்தரராமன். அவர் தூங்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கர்னல் வழியாகத்தான் அங்கே போக முடியும், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் வீட்டுக்காரர் கிட்டுசாமி தாராபுரத்துக்குப் பக்கத்துக்காரர். பி.பார்ம் படித்து, மருந்துக் கம்பெனிகளில் வேலை பார்த்து, 2004-இல் இங்கே வந்தார். பிடித்தால் விடாத ஜாதி. டிரைவிங் டெஸ்டில் பேரலல் பார்க்கிங்கில் மூன்று தடவை ஃபெயில் ஆனவர், அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இரண்டு குப்பைத் தொட்டிகளை நிறுத்தி, ஒரு மாதம் தினம் சாயங்காலம் அவற்றுக்கு நடுவே காரை நுழைத்து எடுத்தார். நான்காவது தடவை டெஸ்ட் எடுத்தவரே கை தட்டினாராம். அது அவர் சொன்னது, நான் பார்க்கவில்லை.

இவ்வளவு கறாரான மனுஷருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைக் கையில் கொடுத்தாலும் அப்படியே ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். போனது போனதுதான். ரசீது, டாக்டர் சீட்டு, பையன் க்ரிஷ் ஸ்கூலில் கொடுத்த ஃபார்ம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். துணி துவைக்கும் முன் அந்தப் பாக்கெட்டுகளைத் துழாவி எடுப்பது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை.

2011-இல் அவர் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனி இன்று கைமாறி வேறு பெயரில் இருக்கிறது, பெயர் நமக்கு வேண்டாம். சுந்தரராமன் அவருக்குக் கீழே வேலை பார்த்தார். திருநெல்வேலிக்காரர், நாற்பத்தொரு வயது, அவர் பேசினால் எதிரில் இருப்பவர் வாய் திறக்க முடியாது. மனைவி கோமதி, எட்டு வயது மகள் ரூபிகா. இரண்டு குடும்பமும் ஒரே அபார்ட்மெண்ட். 287 ஹைவேயில் இருவரும் ஒரே காரில் போய் வருவார்கள். "ஏனுங்க, உங்களுக்குப் பேசறதுக்கே வழியில்லாமப் போச்சே" என்று நான் கேலி செய்வேன். "அவர் பேசறதக் கேட்டாத்தான் தூக்கம் வராம ஓட்ட முடியுது" என்பார். தூக்கம் வராமல் பார்த்துக்கொண்டவர் யார் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் ஊசி மருந்துகள் வைக்கும் குளிர் அறை ஒன்று இருந்தது. சூடு ஏறினால் மணி அடிக்கும். அந்த ஜனவரி முழுக்க மணி காரணமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அறை சரியாகத்தான் குளிர்ந்திருக்கும். பட்டனை அமுக்கிவிட்டு வருவார்கள். சென்சார் கெட்டுவிட்டது என்று சுந்தரராமன் கண்டுபிடித்துவிட்டார். முறைப்படி அவர் அதை லாக் புக்கில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் விசாரணை ஒன்று திறக்கும், விசாரணை சூப்பர்வைசர் பெயரில் வரும். எங்கள் கிரீன் கார்டு அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது. அதனால் அவர் லாக் புக்கில் எழுதவில்லை. ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி, நான்காக மடித்து, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பார்க்கிங்கில் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

இது நம் ஆட்கள் மட்டுமே செய்யும் தப்பு. இங்கே பிறந்தவன் என்றால் லாக் புக்கில் எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். நாம்தான் நம்மவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, ரெக்கார்டில் வராமல் காதோடு காதாக முடித்துக்கொள்ளப் பார்ப்போம். காப்பாற்றியவருக்கு ரெக்கார்டே இல்லாமல் போகும்.

என் வீட்டுக்காரர் அப்போது கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அப்பறம் படிக்கறேன் சுந்தர்" என்று வாங்கிப் பாக்கெட்டில் போட்டார். போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சுந்தரராமன் மட்டும் டியூட்டி. மத்தியானம் மணி அடித்தது. போய்ப் பார்த்தார், இருக்க வேண்டிய ஐந்து டிகிரிதான். பட்டனை அமுக்கினார். அதற்குப் பிறகுதான் குளிரூட்டும் இயந்திரம் நிஜமாகவே நின்றது. சென்சாரோ ஐந்து டிகிரியிலேயே செத்துக் கிடந்தது, மணி அடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது அறை வெதுவெதுப்பாக இருந்தது. மருந்து மொத்தமும் வீண். அடுத்த மூன்று நாளும் காரில் சுந்தரராமன் காகிதப் பேச்சையே எடுக்கவில்லை, படித்தும் விட்டுவிட்டார் என்று நினைத்து என் வீட்டுக்காரரைக் காப்பாற்றியிருப்பார்.

வியாழக்கிழமை சுந்தரராமன் காரைச் சுற்றிக் கிடந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

விசாரணை நடந்தது. இறந்தவரிடம் எதையும் கேட்க முடியாது. மணி அடித்ததும் வேறு தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்க்கவில்லை, பிறகு சுற்றிப் பார்க்கவும் இல்லை, காரணம் தனிநபரின் கவனக்குறைவு என்று அறிக்கை தயாரானது. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஆறு நாள் முன்பு, ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்து வழக்கம்போலப் பாக்கெட்டைத் துழாவினேன். காகிதம் கையில் வந்தது.

படித்ததும் அவரிடம் காட்டினேன். வாஷிங் மெஷினுக்கு முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மணி, இத நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்தர்றேன்" என்றார். வசந்தாமணி என்ற என் பெயர் அவர் வாயில் மணிதான்.

"குடுத்தா?"

"தப்பு என்ற பேர்லன்னு ஆயிரும். ஆவட்டும்."

நான் விடவில்லை. "செத்தவருக்கு இனி வேலை போகுமா, விசா போகுமா? நமக்குப் போகும். பையன் மூணாவது படிக்கறான். யோசிச்சுப் பேசுங்க" என்றேன். அவர் யோசித்தார். யோசித்து, கொடுக்கத்தான் வேண்டும் என்றார். பிடித்தால் விடாத ஜாதி என்று சொன்னேன் அல்லவா? மறுநாள் காலை அவர் காகிதத்தைத் தேடியபோது, "கிழிச்சு டாய்லெட்ல போட்டுட்டேன். இனிக் கேக்காதீங்க" என்றேன். காகிதம் இல்லாமல் சொன்னால் யார் நம்புவார்கள்? அறிக்கை வந்த அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

புருஷன் போனதோடு கோமதியின் விசாவும் போனது. மகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். நாங்கள் நாலைந்து பேர் போய்ச் சாமான் கட்டிக் கொடுத்தோம். அதற்குள் 'தூங்கிட்டாராம்' என்ற பேச்சு கிளம்பியிருந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை என்பது தெரியும். கோமதியின் குக்கரையும் தோசைக்கல்லையும் பேப்பரில் சுற்றி, பெட்டிக்கு டேப் ஒட்டியது நான்தான்.

இனிக் கர்னலுக்கு வருகிறேன்.

2018-இல் க்ரிஷ் ஹைஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக எங்களை டிரெண்டனுக்கு இழுத்துக்கொண்டு போனான். 1776 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை அமெரிக்கப் படை ஆற்றைக் கடந்து வந்து, அங்கே தங்கியிருந்த ஜெர்மன் கூலிப்படையைத் தோற்கடித்த இடம். அந்தப் படையின் தலைவர் கர்னல் ரால். கதை சொல்ல வந்த கைடு அம்மா நன்றாகச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். முதல் நாள் ராத்திரி ரால் சீட்டாடிக்கொண்டிருந்தாராம். உள்ளூர்க்காரர் ஒருவர், எதிரி வருகிறான் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினாராம். ராலுக்கு ஆங்கிலம் தெரியாது. வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாராம். மறுநாள் குண்டடிபட்டு அவரைப் படுக்க வைத்துச் சட்டையைக் கழற்றியபோது, அந்தச் சீட்டு பாக்கெட்டில் அப்படியே இருந்ததாம்.

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"டாட், ஆர் யூ ஓகே?" என்று க்ரிஷ் ஓடினான். வெயில் என்று சொல்லிச் சமாளித்தார். அது நவம்பர் மாதம். எனக்குத் தெரியும் ஏன் உட்கார்ந்தார் என்று.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரால் குடியேறினார். லைப்ரரியிலிருந்து புத்தகம் புத்தகமாக வந்தது. நான் ரசம் ஊற்றும்போது அவர் ராலின் ஜாதகத்தை ஊற்றுவார். பட்டாளத்துக்காரர் மகன். மீசை முளைக்கும் முன்பே அப்பாவின் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். பெரிய இடத்துப் பிள்ளைகள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பட்டம் அவருக்குக் கிடையாது, ஒவ்வொரு படியையும் சண்டை போட்டே ஏறினார். ஐரோப்பாவில் எத்தனையோ போர். ரஷ்ய ராணிக்காகத் துருக்கியரோடு போர். ஐம்பது வயதில் கப்பலேறி இங்கே வந்து, ஒயிட் ப்ளெயின்ஸ், வாஷிங்டன் கோட்டை என்று இரண்டு இடத்தில் ஜெயித்துக் கொடுத்தார். மூன்றாவதாக டிரெண்டன்.

"குடிச்சுட்டுக் கெடந்தான்னு சொல்றாங்க மணி, அது பொய்" என்பார். "பத்து நாளா அமெரிக்கக்காரங்க அங்கயும் இங்கயும் சுட்டுட்டு ஓடி, அவங்களத் தூங்க விடாமப் பண்ணியிருக்காங்க. சிப்பாயெல்லாம் பூட்ஸோட படுத்திருக்கான். முந்தின நாளு சாயங்காலம் ஒரு சின்னக் கூட்டம் வந்து சுட்டுட்டு ஓடிருச்சு. வருதுன்னு சொன்ன தாக்குதல் இதுதான்னு நெனச்சுட்டாங்க. உதவிக்கு ஆள் வேணும்னு மேல எழுதியிருக்காரு. மேல இருந்தவன் கண்டுக்கல."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, விசாரணை வெச்சாங்க. செத்தவங்க மேல போட்டு ஃபைல மூடிட்டாங்க."

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

கொரோனா முடிந்ததும், வருஷா வருஷம் போர்க் காட்சி நடத்தும் ஒரு வரலாற்று ஆர்வலர் குழுவில் போய்ச் சேர்ந்தார். ஆச்சரியமாகப் பார்த்தார்கள், ஆனால் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் சாதா சிப்பாய். கோட்டை நான்தான் தைத்தேன். முப்பது பித்தளைப் பட்டன், ஒவ்வொன்றும் அந்தக் காலத்து முறைப்படி இருக்க வேண்டுமாம். அடுத்த வருஷம் கர்னல் வேஷம் காலியானது. யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அவர்கள் ஸ்கிரிப்டில் கர்னல் கையில் பாட்டிலோடு தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வருவார், கூட்டம் சிரிக்கும், பிறகு சாவார். இவர் கை தூக்கினார்.

கை தூக்கியவர் அடுத்த வார்த்தையாக, "பாட்டில் கிடையாது" என்றார்.

குழுத் தலைவர் பாப், ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார், நல்ல மனுஷர். இருபது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது, பிள்ளைகள் ரசிக்கிறார்கள் என்றார். என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். மூன்று மீட்டிங். ஒவ்வொன்றுக்கும் புத்தகங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டி, பை நிறையத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "அவர் மேல தப்பே கிடையாதுன்னு நான் சொல்லலை" என்று தன் தாராபுரத்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "காவலுக்கு மண்மேடு கட்டச் சொன்னாங்க, கட்டலை. அது தப்பு, அதக் காட்டுங்க. நானே நடிக்கறேன். அவர் செய்யாத தப்பக் காட்டாதீங்க. அவரால வந்து இல்லைன்னு சொல்ல முடியாது." ஓட்டெடுப்பு நடந்தது. ஒன்பதுக்கு ஏழு. பாட்டில் போயிற்று.

வெளியே வரும்போது பாப் அவர் தோளில் கை போட்டு, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் செத்த இந்த ஜெர்மன்காரர் உனக்கு என்ன வேண்டும், சொந்தக்காரரா என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் புத்தகப் பையைக் காரில் தூக்கி வைத்தார். ஏறி, ரூட் 1 ஹைவேயில் பாதி தூரம் வந்தோம். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மணி, அந்தக் காயிதத்த நெசமாலுமே கிழிச்சுட்டயா?"

பதினோரு வருஷம் ஒரே படுக்கையில் படுத்து எழுந்த மனுஷர் முதல் தடவையாகக் கேட்கிறார். பொய் சொல்லியிருக்கலாம், எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த மீட்டிங்கில் அவர் நின்ற நிற்பைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

"இல்லீங்க" என்றேன். "கிழிக்கத்தான் போனேன். செத்தவர் கையெழுத்து, கை வரல. கிரீன் கார்டு ஃபைல்லதான் இருக்குது."

காரை ஒரு கடை வாசலில் நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். எனக்கும் வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மறுநாளே அந்தப் பழைய கம்பெனிக்கு எழுதினார். நடந்ததை ஒன்றுவிடாமல், காகிதத்தின் நகலோடு, சென்சார் கெட்டிருப்பதை எழுத்தில் தெரிவித்தும் கவனிக்காமல் விட்டது நான்தான் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இப்போது வேலை பார்க்கும் இடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றேன். "போனாப் போவட்டும்" என்றார், பிறகு தானே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். வேலை போகவில்லை, அடுத்த புரமோஷன்தான் போயிற்று. பழைய கம்பெனியிலிருந்து பதில் இல்லை. மறுபடி எழுதினார், மறுபடி. இரண்டு வருஷம் எழுதிய பிறகு ஒரு வக்கீல் நான்கு வரி அனுப்பினார். அந்த வருஷத்து ஆவணங்கள் எல்லாம் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன, திருத்துவதற்கு அறிக்கையே இல்லை என்று.

"பாத்தீங்களா, முடிஞ்சுது" என்றேன். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"அறிக்கைதான் அழிஞ்சுது. பேச்சு அழியலயே" என்றார். "கோமதிகிட்டச் சொல்லோணும்."

க்ரிஷ்தான் தேடிக் கண்டுபிடித்தான். இங்கே பிறந்த ரூபிகா படிப்பதற்குத் திரும்பி வந்து, கலிபோர்னியாவில் சான் ரமோனில் வேலை பார்க்கிறாள். இருபத்தொரு வயதானதும் அம்மாவை அழைத்துக்கொண்டாள். இந்த மார்ச் மாதம் நாங்கள் இருவரும் விமானம் ஏறினோம். என்ன விஷயம் என்று போனில் சொல்லவில்லை. பழைய சிநேகிதர்கள் பார்க்க வருகிறார்கள் என்று கோமதி பொங்கலும் சட்னியும் செய்து வைத்திருந்தார். ரூபிகா ஆபீஸ் போயிருந்தாள்.

என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே காகிதத்தைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கோமதி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"கிட்டு சார், குளிர் ரூம் சென்சார் இந்த மாசம் பதினோரு தடவை பொய்யா அடிச்சிருக்கு. அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்குமா என்று எனக்குப் பயமா இருக்கு. லாக் புக்கில் போட்டால் உங்கள் பேரில் வரும், கிரீன் கார்டு நேரத்தில் வேண்டாம். நீங்களே மெயிண்டனன்ஸில் சொல்லி இந்த வாரமே மாத்திடுங்க. மறந்துடாதீங்க. சுந்தர். 28 ஜனவரி."

இரண்டாவது தடவையும் படித்தார். கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.

"இது எங்க இருந்துச்சு?"

"என்ற ஜாக்கெட் பாக்கெட்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "வாங்கினேன், படிக்கல. அவர் தூங்கலீங்க. அவர் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டாரு. நாந்தான் கேக்கல."

கோமதி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பெண்களுக்குத் தெரியும், பாக்கெட்டைத் துழாவுவது யார் என்று.

"எப்ப கிடைச்சுது?"

"நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே" என்றேன்.

"எனக்குப் பாத்திரமெல்லாம் பேக் பண்ணிக் குடுத்தீங்களே, அப்பவா?"

"அப்பவேதானுங்க. கிழிச்சுட்டேன்னு இவர்கிட்டப் பொய் சொல்லி நான்தான் வெச்சிருந்தேன்."

"உங்களுக்கு கிரீன் கார்டு எப்ப வந்துச்சு?"

"ரெண்டாயிரத்துப் பதினாலு."

தலையாட்டிக்கொண்டார். கத்துவார், வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் காகிதத்தை மடித்தார், அதே மடிப்பில், நான்காக.

"வசந்தாமணி, நானே நம்பிட்டேன்" என்றார். "எல்லாரும் சொன்னாங்க, கம்பெனியும் எழுதிருச்சு. சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்துட்டுத்தானே போனாரு, அசந்திருப்பாருன்னு நானே நெனச்சுக்கிட்டேன். இப்படிப் பண்ணி எங்களத் தெருவுல விட்டுட்டியேன்னு பதினாலு வருஷமா அவர் போட்டோகிட்டச் சண்டை போட்டிருக்கேன். செத்த மனுஷன்கிட்ட."

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். கோமதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத அப்புறம் பாக்கலாம். வருமான்னு எனக்கே தெரியல. என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. அன்னிக்கு அத்தனை பேர் நடுவுல போச்சு அவர் பேரு. அத்தனை பேர் நடுவுல எழுதுங்க. வாயால சொன்னாப் பத்தாது, எழுத்துல. உங்க பேர் போட்டு."

பொங்கல் ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் தட்டில் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் விழுங்கியதில்லை.

திரும்பி வந்த வாரம்தான் ஜம்புநாதன் சார் போன் செய்து, லைட்டாக எழுதித் தரச் சொன்னார்.

அவர் கேட்ட யூனிஃபார்ம் போட்டோவை அனுப்பவில்லை. கர்னல் இந்த டிசம்பரிலும் அதே தெருவில், பாட்டில் இல்லாமல், விழத்தான் போகிறார். வேண்டுமென்பவர்கள் நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், சுக்குக் காபி நான் தருகிறேன். இந்தக் கட்டுரையோடு அந்தக் காகிதத்தின் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். காகிதம் கோமதியிடம் இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் விட்டார்.

கட்டுரைக்குக் கீழே ஒரு பெயர் போதும், அதுதான் மலரின் வழக்கம் என்றார்கள். போதாது. அன்றைய அறிக்கையில் ஒருவர் கையெழுத்துத்தான் இருந்தது. போட வைத்தவள் கையெழுத்து அதில் இல்லை. இதில் இரண்டும் இருக்கும்.

சுந்தரராமன் தூங்கவில்லை.

வசந்தாமணி
கிட்டுசாமி
பிஸ்கட்டவே